முதல் டம்ளர் ஆடாதோடைக் கஷாயம்

குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக மூலிகைக் கடை வைத்திருக்கும் கௌஸ் மொய்தீன் பாய்க்கு ஒரு கிறுக்குப் பழக்கம். ஆடாதோடை இலை எத்தனை மூட்டை சேர்ந்தாலும், அதில் ஒரு பிடி அள்ளிக் கொதிக்கவைத்து, முதல் டம்ளர் கஷாயத்தைத் தானே குடித்துப் பார்க்காமல் லாரியில் ஏற்ற விடமாட்டார். ஆடுகூட வாய் வைக்காத இலை. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு!

"இருமலே இல்லாம இருமல் மருந்து குடிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி அதியா தலையில் அடித்துக்கொள்வாள்.

"யாரு வீட்டுப் புள்ளையோ குடிக்கப் போவுது. நான் குடிச்சா என்ன?" என்பார்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலையடிவாரத்துப் புதரெல்லாம் வெறும் குச்சியாக நின்றது. மருந்துக் கம்பெனிக்காரரோ, "இந்த லோடு வரலைன்னா இனிமே வேற ஆளுகிட்ட வாங்கிக்கறோம் பாய்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். கடைக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான். பாய் பதறிப்போய், தழை வெட்டும் பெண்களிடம், "எங்க பச்சையா தெரியுதோ அங்க வெட்டிக்கிட்டு வாங்க, எந்த இடம்னு கேக்கமாட்டேன்" என்றார். அந்த வார்த்தைதான் வினையாகிப் போச்சு.

இலை காய்ந்து, மூட்டை கட்டி, லாரியும் வந்து நின்றது. பாய் கஷாயத்தை வடிகட்டி டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

"பாய், குடிக்காதீங்க!"

தழை வெட்டும் மாரம்மா ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். "ஃபேக்டரி சாக்கடை ஓரமா வெட்டுனதுங்க. அங்கதான் பச்சையா இருந்துச்சு. எல்லா மூட்டையிலயும் கலந்துபோச்சு. லாரி போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க குடிக்கறத பாக்க முடியலைங்க" என்று அழுதாள்.

பாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போச்சு. "பச்சையா இருந்தா போதும்னு சொன்னவனே நான்தானே, உன்னைச் சொல்லி என்ன?" என்றார். கம்பெனிக்காரருக்கு போன் போட்டார். "என் வாயில வைக்க முடியாததை உங்களுக்கு எப்படிங்க அனுப்புவேன்?"

ஆர்டர் கைவிட்டுப் போச்சு. அத்தனை மூட்டையையும் குழிவெட்டிப் புதைத்தார். பொய் சொல்வானேன், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு மழை வந்தது. மலையடிவாரத்தில் ஆடாதோடை துளிர்த்தது. பர்கூர் பக்கத்து வைத்தியர் ஒருவர் ஒரே ஒரு மூட்டை கேட்டிருந்தார். பாய் வழக்கம்போலக் கஷாயம் வைத்து டம்ளரில் ஊற்றினார். அவர் எடுப்பதற்குள் மாரம்மா கையை நீட்டிவிட்டாள்.

"இப்படிக் குடுங்க பாய். வெட்டுனவ நானு. மொதல்ல நான் குடிக்கறேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பாய் இன்னொரு டம்ளர் எடுத்துத் தனக்கும் ஊற்றிக்கொண்டார்.