டங்குவாரு யாருக்கு அந்தது?

எண்ணூரிலிருந்து வந்த பேருந்து திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கல்மண்டபத்தில் எனக்கு வேலை. ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் ஃபோனைப் பார்ப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

என் சீட்டுக் கம்பியைப் பிடித்து ஒரு பெண் நின்றிருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை. ஃபோனில் வீட்டுக்குச் சொன்னார்: "நைட்டு பூரா நின்னுகினே வேலை பாத்து டங்குவாரு அந்துட்ச்சி. பஸ்ஸும் நகர மாட்டேங்குது. கடையில இட்லி வாங்கிக்கோ."

என் பக்கத்தில் சரக்குப் பையோடு உட்கார்ந்திருந்த மளிகைக்கடை அண்ணாச்சி முகம் சுளித்தார். "ஏம்மா, பஸ்ஸுல பேசுத பேச்சா இது?"

அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் நான் பேச்சில் குதித்துவிட்டேன்.

"கெட்ட வார்த்தை இல்ல அண்ணாச்சி. ஜட்கா குதிரை வயித்த சுத்தி சேணத்த இறுக்குற தோல் பட்டைதான் டங்குவாரு. 'தங்' இந்துஸ்தானி, 'வார்' தமிழ். அது அந்தா, அதாவது அறுந்தா, குதிரையால வண்டி இழுக்க முடியாது. களைச்சுப் போறதுக்கு அந்தப் பேரு அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்வாங்க."

"அப்படியா!" என்றார் அண்ணாச்சி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெண் ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குதிரைக்கு அந்தா வண்டிய நிறுத்திடுவாங்க. எனக்கு அந்துட்ச்சின்னு நானே சொல்லிகினு நிக்கிறேன், நீ குந்திகினு விளக்கம் சொல்ற. எயுந்திரு நைனா."

எழுந்தேன்.

உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பேருந்து இன்னும் நகரவில்லை. கம்பியில் தொங்கியபடி இதை ஃபோனில் தட்டுகிறேன். டங்குவாருக்கு வேறு மூலம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு முன்னுரிமை.