ஆணிகள் நிறைந்த வீடு

அந்த வீட்டின் மேல் எனக்குப் பொறாமை வந்ததற்கு முதல் காரணம் அதன் ஆணிகள்.

மற்றவர்கள் அங்கே வேறு எதையெல்லாமோ பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் அதைப் ‘பெரிய வூடு’ என்பார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி வியாபாரத்தில் சம்பாதித்த ஒரு விவசாயி நூறு வருடங்களுக்கு முன்பே கட்டியது. அவருடைய வாரிசுகள் இன்றும் அதில்தான் குடியிருக்கிறார்கள். இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் கூடம், அதைச் சுற்றி மேலே மரக் கைப்பிடி வைத்த நடை, கட்டிப்பிடித்தால் கை எட்டாத தேக்குத் தூண்கள், நடந்து நடந்தே பளபளப்பேறிய காவித் தரை. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் டேப்போடு வந்து அளந்துகொண்டு போகிறார்கள். கல்யாண ஜோடிகள் ஃபோட்டோ எடுக்க அனுமதி கேட்டு வருகிறார்கள். சுவரில் எங்காவது பெயர்ந்தால் சிமென்ட் பூசாமல், சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துப் பழையபடியே பூச வைக்கிறார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றும் சுவரில்தான் நிறைய ஆணிகள் இருந்தன. காலண்டருக்கு ஒன்று, முறத்துக்கு ஒன்று, குடைக்கு ஒன்று. சாவிக்கொத்துக்கு, பிள்ளைகளின் ஐ.டி. கார்டுக்கு, மழைக்கோட்டுக்கு. ஒன்றுமே மாட்டாமல் சும்மா நிற்கும் ஆணிகளும் இருந்தன. அவைதான் என்னை ரொம்பவும் உறுத்தின.

எங்கள் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. குடிவந்த அன்றே ஹவுஸ் ஓனரம்மா சுவரைத் தட்டிக் காட்டி, “புதுப் பெயின்டுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்குப் புரிந்துவிட்டது. அதனால் எங்கள் வீட்டு இயேசு படத்தில் இருக்கும் திருஇருதய ஆண்டவர் ஃப்ரிட்ஜின் மேல் சாய்ந்து நிற்கிறார். ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது லேசாக நடுங்குவார். விழுந்துவிடுவாரோ என்று தினமும் ஒருமுறை எழுந்து போய்ப் பார்ப்பேன்.

ஆணியைவிடப் பெரிய விஷயம் சத்தம். ஓனரம்மாவின் கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்களுக்கு நேர் கீழே பகலில் தூங்குவார். என் மகள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து கீழே அதிர்ந்தது. ஓனரம்மா திட்டியதே கிடையாது. துணி உலர்த்த வரும்போது சிரித்துக்கொண்டே கேட்பார்.

“நேத்து பாப்பா கபடி ஆடுச்சுங்களா?”

நான் வெட்கப்பட்டு, “இல்லீங்க, ஸ்டூலை இழுத்துடுச்சு” என்பேன்.

“ஆடட்டுங்க, ஆடட்டுங்க. சின்னப் புள்ளைங்கதானே. அவருதான் பாவம், எந்திரிச்சு உக்காந்துட்டாரு.”

அந்தப் பாவம் என்ற சொல் போதும். மறுநாளே பழைய போர்வைகளைத் தரையில் விரித்தேன். ஸ்டூலின் கால்களுக்குத் துணி சுற்றினேன். மகள் வாயைத் திறந்தால், என் விரல் தானாக என் உதட்டுக்குப் போகும். ‘ஷ்ஷ்’ என்று சொல்லிக் கீழே காட்டுவேன். கீழே தாத்தா தூங்குகிறார். சீக்கிரமே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாகிவிட்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நான் கல்யாணத்துக்கு முன்னால் டீச்சராக இருந்தவள். சத்தமில்லாத வகுப்பு நல்ல வகுப்பு என்று பெயர் வாங்கியவள்.

மூன்று வயது நெருங்கியும் மகளுக்குப் பேச்சு வரவில்லை. வேண்டும் என்றால் கையை நீட்டுவாள். வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட, “இன்னும் பேச்சு வரலீங்களா?” என்று கேட்டுவிட்டு, தங்கள் சொந்தத்தில் ஐந்து வயதில் பேசிய பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். உள்ளே காரணம் தேடுவேன். கர்ப்பமாக இருந்தபோது இரும்புச் சத்து மாத்திரையைச் சில நாள் விட்டேனே, அதுவா? சோறூட்ட ஃபோனைக் காட்டினேனே, அதுவா?

தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, கூப்பிட்டால் பார்க்கிறாள், சொன்னது புரிகிறது என்று சோதித்துப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், “வீட்ல சத்தம் போட்டு விளையாடுதா?” என்று கேட்டார்.

“இல்லீங்க டாக்டர். ரொம்ப சமத்து. சத்தமே போடாது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை. “நிறைய பேசுங்க. ஓட விடுங்க. மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. அப்பவும் வரலைன்னா தெரபிக்கு எழுதுறேன்” என்றார். நான் வீட்டுக்கு வந்து நிறையப் பேசினேன். மெல்லிய குரலில்.

அந்த மூன்று மாதத்துக்கு நடுவில் அக்டோபர் வந்தது. எங்கள் கோவில் பங்கில் பக்கம் பக்கமாக இருக்கும் குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். அக்டோபர்தான் ஜெபமாலை மாதம்; அது முழுக்க மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, அன்பியத்தில் வீடு வீடாகப் போகும். ஒரு நாள் ஒரு வீடு. சாயந்தரம் எல்லோரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். மறுநாள் அந்த வீட்டுக்காரர்களே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அந்த வருடம் எங்கள் முறை, பெரிய வூட்டுக்கு அடுத்த நாள் வந்தது.

மற்ற எந்த வீட்டுக்கு அடுத்ததாக வந்திருந்தாலும் பரவாயில்லை என்று கணவரிடம் சொன்னேன்.

“மாதா என்ன, ரெண்டு வூட்டையும் ஒப்பிட்டு மார்க் போடப் போறாங்களா?” என்றார்.

மாதா போடமாட்டார். நான் போடுவேன்.

பெரிய வூட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. அந்த வீடு ஒரு மியூசியம் போல இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அது வீடாக இருந்தது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே கொடி கட்டி ஸ்கூல் யூனிஃபார்ம் காய்ந்தது. நூறு வருடத் தேக்குக் கதவில் யாரோ பிள்ளை ஒட்டிய கார்ட்டூன் ஸ்டிக்கர் பாதி கிழிந்து நின்றது. அதைச் சுரண்டி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மூலையில் வெங்காயம் பரப்பியிருந்தார்கள். உள்ளே மிக்ஸி ஓடியது. அந்தச் சத்தத்துக்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டின் மருமகள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கையில் மாவோடு வந்து, “வாங்க வாங்க, பாப்பாவை எறக்கி வுடுங்க” என்றார்.

“ஓடிடும்ங்க அக்கா. எதையாவது தட்டி வுட்டுடும்.”

“எதைத் தட்டும்? தூணையா?”

இறக்கிவிட்டேன். மகள் முதலில் நின்ற இடத்திலேயே நின்றாள். காலைத் தரையில் ஒருமுறை தட்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தடதடவென்று மரப்படியில் இறங்கி ஓடினார்கள். வீடே அதிர்ந்தது. மகள் கீழே குனிந்து தரையைப் பார்த்தாள், அங்கிருந்து யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பது போல. யாரும் சொல்லவில்லை. அவளும் ஓடினாள்.

ஜெபமாலை முடிந்து மாதா பிரார்த்தனை தொடங்கியது. ஒருவர் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லோரும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்வோம். கோவிலில் அது சாதாரணமாகக் கேட்கும். அந்தக் கூடத்தில் கடைசிச் சொல் மேலே போய், மர நடையைச் சுற்றி, கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. மகள் ஓடுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். அடுத்த தடவையும் வந்தது. வாயை லேசாகத் திறந்தாள். அதற்கடுத்த தடவை, எல்லோரும் முடித்த பிறகு, தனியாக, உரக்கச் சொன்னாள்.

“கொள்ளூம்.”

வீடும் சொன்னது. அவள் சிரித்தாள்.

அதன்பிறகு பிரார்த்தனை முடியும்வரை ஒவ்வொன்றுக்கும் ‘கொள்ளூம்’. ஜெபம் சொன்னவர் அவளுக்காக இடம்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்த அம்மா பக்தி என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நன்றியும் இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் இத்தனை மாதம் கெஞ்சியும் எனக்குத் தராத ஒன்றை, ஒரே சாயந்தரத்தில், ஒரு கட்டடத்துக்குத் தந்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் “சொல்லு கண்ணு, கொள்ளும்” என்று கேட்டேன். தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் எங்கள் வீடு. காலையிலேயே சுண்டலுக்குக் கடலையை வேகவைத்தேன். உப்புப் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஓனரம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். “சாமி கும்புட எதுக்குங்க பர்மிஷன்? மைக் மட்டும் வெக்காதீங்க” என்று சிரித்தார். சாயந்தரம் பெரிய வூட்டு மருமகள் சுரூபத்தைக் கையில் ஏந்தி வர, அன்பியமே எங்கள் குறுகிய படியில் வரிசையாக ஏறி வந்தது. எல்லோருக்கும் அறையில் இடமில்லை. சிலர் சமையலறையில் அடுப்புப் பக்கம் நின்றார்கள். மாதாவை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தோம். நான் மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டேன். இங்கேயும் சொல்வாள் என்று நினைத்தேன். எதிரொலி இல்லாவிட்டால் என்ன, இத்தனை பேர் சொல்கிறார்களே.

பிரார்த்தனை தொடங்கியது. முதல் ‘வேண்டிக்கொள்ளும்’ சின்ன அறையில் முட்டி மோதிக்கொண்டு நின்றது. மகள் சடாரென்று எழுந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் போய், விரலை உதட்டில் வைத்து, “ஷ்ஷ்” என்றாள். தரையைக் காட்டினாள். பிறகு அடுத்தவரிடம் போனாள். ஒருவரையும் விடாமல் முழங்காலைத் தட்டித் தட்டி, “ஷ்ஷ்”, கீழே ஒரு விரல்.

“டீச்சரம்மா மவ இல்ல? கிளாஸை அடக்குறா” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் நல்லவர்கள். குழந்தை சொன்னதற்குக் கட்டுப்பட்டு, மீதிப் பிரார்த்தனை முழுவதையும் கிசுகிசுப்பாகச் சொல்லி முடித்தார்கள். அத்தனை பெரியவர்கள் ஒரே அறையில் கிசுகிசுக்க, அவள் நடுவில் நின்று திருப்தியோடு என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்ட முகம்.

டாக்டரின் பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெரிய வூட்டு மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. சுண்டல் தட்டை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில், “தெனம் சாயந்தரம் பாப்பாவை அங்க கூட்டிட்டு வாங்க. சும்மா கத்திட்டுப் போவட்டும்” என்றார்.

“உங்களுக்குத் தொந்தரவுங்க அக்கா.”

“என்ன தொந்தரவு? எங்க வூட்டுல எப்பவும் கத்தல்தான். இன்னொன்னு சேந்தா தெரியவா போவுது?”

முருங்கைக்காய் கொடுத்தனுப்புவது போல அவர் அதைச் சொன்னார். தன்னிடம் எவ்வளவோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அதனாலேயே எனக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. “பாக்குறேங்க” என்றேன்.

அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. தினமும் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? சும்மா சொன்னதை நிஜமாக எடுத்துக்கொண்டேன் என்று சிரிப்பார்களோ? கணவர் கேட்டுவிட்டு, “டாக்டர் சொன்ன மூணு மாசத்துல பாதி போயிருச்சு” என்றார். அன்று சாயந்தரம் மகளுக்குத் தலைவாரி, தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது தினமும் போகிறோம். அந்தக் கூடத்தில் அவள் படியேறி இறங்குகிறாள், தூணைச் சுற்றுகிறாள், மேலே பார்த்துக் கத்துகிறாள். அவளோடு பேசுவதற்கு அந்த வீட்டுக்குப் பொறுமை இருக்கிறது. ‘பூனை’, ‘தா’, ‘மேல’ என்று புதிய சொல் ஒவ்வொன்றும் முதலில் அங்கேதான் வருகிறது. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு சொல்லுக்கும் சந்தோஷம் வரும். கூடவே, இதை என் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஓர் இழுப்பும் வரும். வீட்டுக்கு வந்ததும் போர்வைகளைச் சுருட்டி வைத்துப் பார்த்தேன். விரலை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் கையைக் கட்டிக்கொண்டும் பார்த்தேன். அவள் என்னவோ வாசலைத் தாண்டியதுமே மெல்ல நடக்கிறாள்.

சென்ற வாரம் இருட்டிக்கொண்டு வந்தது. சித்தேரி மலைப் பக்கம் மழை தெரிந்தது. “வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்” என்று கையைப் பிடித்தேன். கையை உதறிக்கொண்டு தூணைக் கட்டிப்பிடித்தாள்.

“வூட்டுக்கு வேணாம்.”

இரண்டு சொற்கள், சேர்ந்து, தெளிவாக. மருமகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “ஏங்க, முழுசாப் பேசுது பாருங்க” என்றார். நான் அவளைத் தூக்கி முத்தமிட்டேன். அவள் முதன்முதலில் சேர்த்துச் சொன்ன வார்த்தை அது. வழியில் அதைக் கணவரிடம் ஃபோனில் சொன்னேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவர், “சொல்லிடுச்சுல்ல, அது போதும்” என்றார்.

நேற்று நாங்கள் போனபோது, கதவோரச் சுவரில் கீழாக, குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், புதிதாக ஓர் ஆணி இருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்து தரையில் கிடந்தது. “பாப்பா பாட்டிலு தெனம் படியில உருளுதுல்ல, அதான் ஒன்னு அடிச்சுட்டேன்” என்றார் மருமகள். மகள் எம்பி, பாட்டிலின் வாரை அதில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

அளவெடுக்க வருபவர்கள் அதையும் ஃபோட்டோ எடுப்பார்களாக இருக்கும். அந்த வீட்டுச் சுவரில் இப்போது என் மகளுக்கென்று ஓர் ஆணி இருக்கிறது. என் கைப்பையை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.