படாளத்து ரத்தம்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் ஜெசிந்தா முதலில் கேட்பது, "நாஸ்தா துன்னாச்சா?" இல்லை என்றால் அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். அப்புறம்தான் ஊசி வெளியே வரும். "வெறும் வயித்துல மயங்கி வுழுந்தா என் பேருதான் கெடும்!"

கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே மொபெட்டில் அலைகிற நர்ஸ் இவர். மனச்சிதைவு நோய்க்கும் ஒரு ஜீனுக்கும் தொடர்பு உண்டா என்று சென்னையில் ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. நோயாளி, அப்பா, அம்மா என்று மூவரின் ரத்தமும் வேண்டும். அடேயப்பா, அந்த அப்பாக்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு! ஊசியைக் கண்டதும் கொல்லைப்பக்கம் நழுவுவார்கள். "புள்ள மட்டும் வேணும், ஒரு ட்யூப் ரத்தம் குடுக்க மாட்டியா?" என்று தெருவே கேட்க மானத்தை வாங்கிவிடுவார் ஜெசிந்தா.

சதுரங்கப்பட்டினத்து வரதன் மட்டும் தானாகவே கையை நீட்டினார். கல்பாக்கத்தில் டெக்னீஷியன். மகன் பிரவின்குமாருக்குக் காதில் யாரோ பேசுவதாகத் தோன்ற ஆரம்பித்த நாள்முதல், வரதனும் பக்கத்து வீட்டிலிருக்கும் அவர் தங்கையும் மனைவி லோகநாயகியை "படாளத்து ரத்தம்" என்றே குத்திக்கொண்டிருந்தார்கள். படாளம் அந்த அம்மாவின் பிறந்த ஊர்.

"எடு சிஸ்டர். யாரு வம்சம்னு தெரிஞ்சிடும்ல," என்றார் வரதன். ரத்த ட்யூப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தாவோடு கூடப் போயிருந்த எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அண்ணாத்த, இது வூட்டுக்கு வூடு தீர்ப்பு சொல்ற டெஸ்ட் இல்ல," என்று ஜெசிந்தா சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

2004இல் முடிவு வந்தது. அந்த ஜீனுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. வீடுவீடாகப் போய்ச் சொல்லும்படி ஜெசிந்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே போனார், பின்னால் தொற்றிக்கொண்டு நானும்.

"அப்போ வேற ஏதோ ஜீனு. அவ பக்கந்தானே?" என்றார் வரதன்.

"இன்னா பேச்சு இது? எத்தினி குடும்பத்துல பாத்தாச்சு, இந்த ஜீன் காரணம்னு காட்டல. வேற எதுன்னு இன்னும் யாருக்கும் தெரியல. நாளைக்கே தெரிஞ்சாலும், பெத்தவங்க வேணும்னா குடுத்தாங்க? புள்ளைக்கு மாத்திரய ஒழுங்கா குடு. பொண்டாட்டிக்குப் பட்டம் குடுக்காத!"

லோகநாயகி மெல்லக் கேட்டார்: "சிஸ்டர், இத்தயே கொஞ்சம் சத்தமா சொல்லேன். செவுத்துக்கு அந்தாண்ட என் நாத்தனாரு கீறாங்க."

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.