வெளியே பூட்டு, உள்ளே நான்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். நிலையம் என்றால் ஓர் அறை. அதன் பின்னறைதான் என் வீடு. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு துணித்திரை. காய்ச்சல் காலம் வந்தால் அதுவும் கிடையாது. நான் சோற்றில் கை வைத்திருக்கும்போதே நேராக உள்ளே வந்து நிற்பார்கள். காட்டு வழியே நடந்து வருகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனாலும் எரிச்சலாக வரும். லீவு கேட்டால், மலைக்குக் கீழே இருந்த என் அதிகாரி அம்மாள், "மாத்து ஆள் வரட்டும், பாக்கலாம்மா" என்பார். மலைக்கு வர எந்த ஆள் துடித்துக்கொண்டிருந்தது?

தூக்கம் கெட்டுக் கெட்டுக் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் இருமல் மருந்து என்று நினைத்து, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை ஒரு குழந்தையின் வாயருகே கொண்டுபோய்விட்டேன். தாய்தான், "இன்னாம்மா இது, கலரு வேறயா கீது?" என்று கையைப் பிடித்தாள். ஒரே ஒரு பகலாவது கண்ணயராவிட்டால் யாரையாவது கொன்றுவிடுவேன் என்று பயந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியை என் கதவை வெளியே பூட்டச் சொன்னேன். வந்தவர்கள் நான் கீழே கலசப்பாக்கம் போய்விட்டேன் என்று எண்ணித் திரும்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு. அவள் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புளி உலுக்கப் போய்விட்டாள்.

கண் செருகும் நேரத்தில் வாசலில் பேச்சுச் சத்தம்.

"பூட்டிக்கீதே."

"கீழ போயிருப்பாங்க. பொழுது சாய வந்துடுவாங்க, குந்து."

குந்திவிட்டார்கள்! அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒரு பூட்டைப் பார்த்துத் திரும்ப மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து வாசல் நிறைந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு என்னைப் பற்றியே பேசினார்கள். "நல்லவங்கதான், வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றாள் ஒருத்தி. உள்ளே நான் பொங்கினேன். தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் சத்தம் கேட்கும். இருமல் வந்தபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பொறியில் விழுந்த எலி மாதிரி என் வீட்டிலேயே மூச்சை அடக்கிக் கிடந்தேன். மேலே ஓடு சூடேறிக்கொண்டே வந்தது.

பேச்சைக்கூடப் பொறுத்திருப்பேன். கூட்டத்தில் ஒரு குழந்தை இழுத்து இழுத்து மூச்சுவிடுவது கேட்டது. அதைப் பொறுக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்து, "அந்தக் கொழந்தையை இங்க கொண்டா" என்றேன்.

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒரு பெரியவர், "ஐயோ, நர்சம்மாவ யாரோ உள்ள வெச்சிப் பூட்டிட்டாங்கடா!" என்று கத்தினார். ஒருவன் கொடுவாளோடு பூட்டை உடைக்கவே வந்துவிட்டான்.

"யாரும் பூட்டலை. நான்தான் பூட்டச் சொன்னேன். தூங்கறதுக்கு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது.

ஜன்னல் கம்பி வழியாகவே குழந்தைக்கு மருந்து கொடுத்தேன். மூச்சு சீராகும்வரை பெரியவர் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "மாட்டையே அமாவாசைக்கு ஏர்ல பூட்ட மாட்டோம். அன்னிக்கு உட்டாத்தானே மறுநாளு ஒழுங்கா உழும்? தூங்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வந்திருப்பமா?"

நான் அந்த வார்த்தையைக் கீழே இருந்த அதிகாரி அம்மாளிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். மலைமேல் இருந்த யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த அமாவாசைக் காலையில் கதவைத் திறந்தால் வாசலுக்குக் குறுக்கே, ஏர் மாட்டின் கழுத்தில் வைக்கும் ஒரு நுகத்தடி கிடந்தது. "பெரியவரு போட்டுட்டுப் போனாரு. அது கெடக்கற வரைக்கும் யாரும் வர மாட்டாங்க. பிரசவம்னா மட்டும் கூப்பிடுவோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என்னையும் மாட்டோடு சேர்த்துவிட்டார்களே என்று சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் கதவைப் பூட்டாமலே போய்ப் படுத்தேன். வெகுநேரம் காது வாசலிலேயே இருந்தது. எப்போது தூங்கினேனோ தெரியாது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மறுநாள் ஊசி எடுத்த கை நடுங்கவில்லை. வந்த கூட்டத்தையும் மதியத்துக்குள் பார்த்து முடித்துவிட்டேன்.

பிறகு நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு. அன்றும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் வாசலில் ஒரு நுகத்தடியைக் கொண்டுவந்து போட அந்த ஊரில் யாரும் இல்லை.