டெங்கில் பக்கம் போய் ஒரு விதியை மாற்றி வந்த கதை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நானும் என் தங்கை தர்ஷினியும் கிள்ளானிலிருந்து டெங்கில் பக்கமுள்ள அவளுடைய பல்கலைக்கழகத்துக்குப் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட.

அப்பாவின் பதினாறாம் நாள் கருமக்கிரியை அன்றுதான் அவளுக்குக் கடைசிப் பருவத் தேர்வு. அவள் தேர்வுக்குப் போகவில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று நாள் மட்டுமே துக்க விடுப்பு என்று சொல்லி, அந்தப் பாடத்தில் தோல்வி போட்டுவிட்டார்கள். அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும், பட்டமும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து, 'விதிகளைக் குறைத்து எளிமையாக்குகிறோம், மாணவரும் குடும்பத்தாரும் வந்து பேசலாம்' என்று அறிவிப்பு வந்தது. விடுவோமா?

காலை ஆறரைக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் பிடித்தோம். கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டோம். தர்ஷினிக்குப் பதற்றத்தில் ஒன்றும் இறங்கவில்லை, அவளுடைய வடையையும் நானே தின்றேன். அங்கிருந்து விமான நிலைய ரயிலில் புத்ராஜெயா: இருபது நிமிடம், டிக்கெட் ஆளுக்குப் பதினான்கு வெள்ளி. பிறகு வாடகைக் கார். ஓட்டுநர் சுங்கை பூலோக்காரர்.

"கான்வோவா அக்கா, பட்டம் வாங்கவா?"

"இல்லண்ணே, ஒரு ரூல மாத்தச் சொல்லப் போறோம்."

கண்ணாடியில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "யூனியிலயா? எங்க வீட்டுத் தாமான்ல பார்க்கிங் ரூலயே மாத்த முடியல லா!"

கூட்டத்துக்குத் தலைமை ஒரு மலாய்ப் பேராசிரியை. எட்டுப் பத்தி துக்க விடுப்பு விதியை அழகாக இரண்டு பத்தியாக்கித் திரையில் காட்டினார். 'மூன்று நாள்' என்பது மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்ததில் மனப்பாடம் செய்த பேச்சு மறந்தே போனது. தர்ஷினி எழுந்து நடந்ததைச் சொன்னாள். இறுதிச் சடங்கு முன்பே முடிந்துவிட்டதே, பதினாறாம் நாள் எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

அவள் பேராசிரியையைப் பார்த்து மலாயில் கேட்டாள்: "புவான், உங்கள் வீட்டில் இறந்தவருக்கு நாற்பதாம் நாள் கெண்டுரி விருந்து வைப்பீர்களா?"

"வைப்போம். என் அப்பாவுக்கு வைத்தபோது என் ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாள் எடுத்துக்கொண்டு போனேன்," என்றார் அவர். பிறகு அவரே, "மாணவர்களுக்கு ஆண்டு விடுப்பு கிடையாதே," என்றார். பக்கத்திலிருந்த சீன உறுப்பினர், தங்கள் வீட்டில் ஏழாம் நாள் முக்கியம் என்றார். ஆளுக்கொரு நாள் வைத்திருந்தார்கள், விதியில் எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் கண்ணெதிரே இரண்டு பத்தியும் அழிந்து ஒரே வரியானது: 'குடும்பம் சடங்கு நடத்தும் நாளில் விடுப்பு உண்டு, அன்று தேர்வு இருந்தால் மறுதேர்வு உண்டு.' நிலுவையிலுள்ள முறையீடுகளுக்கும் அது பொருந்தும் என்றார் பேராசிரியை. நான் கைதட்டிவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

திரும்பும்போதும் அதே ஓட்டுநர்தான் வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"மாத்திட்டோம்ணே!"

அவர் ஹாரனை அடித்த அடியில் காவலாளி ஓடி வந்தார். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. தர்ஷினி இரண்டு முறை சோறு வாங்கினாள். அப்பா போன பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். அடுத்த மாதம் மறுதேர்வு எழுதித் தேறினாள், தன் வகுப்போடு பட்டமும் வாங்கினாள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: கொமுட்டர் தாமதமாகும், ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள். கூட்டம் நடக்கும் மண்டபத்தில் ஏசி குளிர் அதிகம், ஸ்வெட்டர் அவசியம். எந்த வரி மாற வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், என்னைப் போல் மேடைப் பேச்சு தயார் செய்யாதீர்கள்.

புதிய விதியை அடுத்துப் பயன்படுத்தியவள் தர்ஷினியின் அறைத்தோழி ஐனா. அவளுடைய தந்தையின் நாற்பதாம் நாளன்று தேர்வு இருந்தது. கெண்டுரி முடிந்ததும் தர்ஷினிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'உன் அப்பாவுக்கு என் நன்றியைச் சொல்.'