தார் பூசிய கதவில் எங்கள் பாடம்

என் மகளுக்குக் கக்குவான் வந்தபோது அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். ராயபுரத்தில் கடலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஹார்பரில் விஞ்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. மகளுக்கு அடுத்தது ஒரு பையன், நாலு வயது. நான் ஐந்தாவது வரை படித்தவள். அதற்கு மேல் படிக்க வைக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கக்குவான் சாதாரண இருமல் இல்லை. இருமி இருமி முகம் கறுத்துக் கண் பிதுங்கும். கடைசியில் சேவல் கூவுவதுபோல ஒரு மூச்சை இழுப்பாள். அந்த மூச்சு வரும்வரை எனக்கும் மூச்சு வராது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். தம்பிக்குத்தான் முதலில் வந்தது. அவனுக்கு லேசாக வந்து போய்விட்டது. இவளைத்தான் பிடித்துக்கொண்டது. கடல் காற்று நல்லது என்றார் டாக்டர். கழுதைப்பால் நல்லது என்றாள், பக்கத்து வீட்டில் இருந்த மீன்காரக்கா. இரண்டையும் செய்தோம்.

ஒரு மாதம் போல ஆனதும் இருமல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. வெளியே விளையாட விடமுடியாது. வீட்டுக்குள்ளேயே கிடந்து தம்பியைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"சொம்மாதானே குந்திகினு கீறா. பொஸ்தகத்த எட்த்துப் படிக்கச் சொல்லுமே" என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்னேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கணீரென்று படித்தாள். ஒரு தடங்கல் இல்லை. நான் சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டே கேட்டேன். நம் பிள்ளை இவ்வளவு படிக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மாட்டைப் பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். விரித்திருந்த பக்கத்திலோ நிலா இருந்தது.

படத்தை என் உள்ளங்கையால் மூடினேன். முதல் சொல்லைக் காட்டி, "இது இன்னா?" என்று கேட்டேன். என் கையையே பார்த்தாள். வேறொரு சொல்லைக் காட்டினேன். "மறந்துட்டேன்" என்றாள். அப்புறம் உதடு பிதுங்கியது.

"டீச்சர் மொதல்ல சொல்லுவாங்கோ. அப்பறம் நாங்கோ எல்லாரும் சொல்லுவோம்மா."

அந்த டீச்சரை நான் குறை சொல்லமாட்டேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள். எல்லாரும் ஒரே குரலில் பாடும்போது யார் எழுத்தைப் பார்க்கிறார்கள், யார் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்க்கிறார்கள் என்று அந்த அம்மாள்தான் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டாங்கிளாஸ் வந்துட்டா! அப்போ இத்தினி நாளா இன்னாதான் பண்ணிகினு இருந்தா?" என்று கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் பிடித்தது. ஓங்கிய கையாலேயே அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சு திரும்பியதும் என்னைப் பார்த்து, "நீயே சொல்லிக் குடுமே. உனுக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்றார்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே நானும் தொடங்கினேன். அ, ஆ, இ, ஈ. அவள் அதையும் பாட்டாகத்தான் ஒப்பித்தாள். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் அவளுக்கு அது கிடைக்கும். நான் அதட்டுவேன். அதட்டினால் இருமுவாள். உண்மையான இருமலா, பாடத்துக்குப் பயந்து வரவழைத்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. எப்படியானாலும் புத்தகத்தை மூடவேண்டியதுதான்.

ஒரு மத்தியானம். இரவு வேலை முடித்து வந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதில் சொன்னாள்.

"நைனா கொறட்டை உடுறாரு. விஞ்சு மாரி கீது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சமையல்கட்டுக் கதவுக்கு, உப்புக்காற்றில் உளுத்துப்போகாமல் இருக்கத் தார் பூசியிருந்தோம். தம்பி கிறுக்கி விளையாடுகிற சாக்கட்டி ஒன்று கீழே கிடந்தது. அதை எடுத்து, அவள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கதவில் எழுதினேன்.

"இன்னாம்மா அது?"

"நீ இப்போ சொன்னியே, அதுதான்."

எழுந்து கிட்டே வந்தாள். "இதுல நைனா எங்க கீறாரு?"

காட்டினேன். விரலை வைத்து, "நை... னா" என்றாள். "கொறட்டை எங்க?" என்று நான் கேட்டேன். தேடினாள். டகரம் இரட்டித்து வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, "இதான்! இதுதான் நீட்டா கீது" என்று குதித்தாள். அவர் எழுந்ததும் கையைப் பிடித்து இழுத்துவந்து கதவுக்கு முன்னால் நிறுத்தி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்துக் காட்டினாள்.

"அடிப்பாவி, கதவுல எழுதி என் மானத்த வாங்கிட்டியே!" என்றார். மறுநாளிலிருந்து, மூட்டைகளில் குறி போட்டுத் தேய்ந்துபோன சாக்கட்டித் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு தினம் ஒன்று சொல்வாள், நான் எழுதுவேன். 'தம்பி மண்ணு துன்னுட்டான்.' 'அக்கா கூடையில சங்கரா மீனு கீது.' 'கய்தப்பாலு நாறுது.' ஒரு சொல்லை நான் அழித்துவிட்டு எது காணோம் என்று கேட்பேன். சில நாள் அவள் அழித்துவிட்டு என்னைக் கேட்பாள். காலையில் காற்றுக்காகக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகும்போது வழியில் பெட்டிக்கடை. ஒருநாள் அதன் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். "சோ... டா. அம்மா, சோடா!" என்றாள். அந்தச் சொல்லை நான் கதவில் எழுதியதே இல்லை. கடைக்காரர் குடிக்கத்தான் கேட்கிறாள் என்று பாட்டிலை எடுத்துவிட்டார்.

இருமல் நின்று பள்ளிக்கூடம் போனாள். போகும்போது தலை நிமிர்ந்துதான் போனாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சிலேட்டுப் பலகையில் எழுதச் சொன்னாராம் டீச்சர். இவள்தான் முதலில் எழுதிக்கொண்டு போய் நீட்டினாளாம். 'நான் வாயப்பயம் துன்னேன்.' திருத்துவதற்காக டீச்சர் அதை வாய்விட்டுப் படித்திருக்கிறார். பின்னால் ஒரு பிள்ளை, "பயம் துன்னாளாம்!" என்று கத்தியிருக்கிறது. வகுப்பே சிரித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பலகையை மூலையில் வீசினாள். "நீ தப்புத் தப்பா சொல்லிக் குட்த்துட்ட. நான் இனிமே போவமாட்டேன்."

அவள் வாயில் வந்ததை எழுதினேன். அதில்தான் அவளுக்கு எழுத்து பிடிபட்டது. அதிலேயே அவமானமும் வந்துவிட்டதே! அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எவ்வளவு கெஞ்சியும் அவள் கிளம்பவில்லை.

கதவில் 'பழம்' என்று எழுதினேன். "பயம் இல்ல கண்ணு, பயம்னு சொல்லணும்" என்றேன்.

"ரெண்டையும் ஒண்ணாத்தானே சொல்றே?" என்றாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஐந்தாவது வரை படித்தும் எனக்கு அந்த எழுத்து கையில்தான் வரும், வாயில் வராது. நாக்கை மடித்துப் பார்த்தேன். 'பளம்' என்றது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவரும் நின்று முயன்றார். அவருக்கு 'பலம்' வந்தது. மீன்காரக்கா கூடையோடு வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, குடும்பமே நாக்க மடிச்சிகினு கீறீங்கோ? அல்லாருக்கும் பல்லு வலியா?"

அந்தச் சிரிப்புக்கு நடுவில், தரையில் உட்கார்ந்திருந்த தம்பி, "பழம்" என்றான். அவ்வளவு சுத்தமாக! எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் பயந்துபோய் இன்னொரு தரம் சொன்னான். தனக்கு வராதது தம்பிக்கு வந்துவிட்டது என்பது மகளுக்குப் பொறுக்கவில்லை. அன்று பகல் முழுதும் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டீச்சரே வந்துவிட்டார். தண்டையார்பேட்டைக்காரர், சின்ன வயது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போகும் வழியில், பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டுப் போக வந்திருக்கிறார். உள்ளே வந்ததும் அவர் கண் கதவுக்குப் போனது. நான் முந்தானையால் அழிக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டும்மா. யார் எழுதினது?"

"அவ சொன்னா, நான் எழுதினேன் டீச்சரம்மா. தப்புன்னு தெரியல."

மகள் என் பின்னால் ஒளிந்திருந்தாள். டீச்சர் தரையில் உட்கார்ந்துகொண்டார். அதுவரை புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு மாறியது.

"இங்க வா கண்ணு. ட்ரெய்னிங் ஸ்கூல்ல என்னையும் சிரிச்சாங்கோ, தெரியுமா? கிழக்குன்னு சொல்லாம கெயக்குப் பக்கம்னு சொல்லிட்டேன். ஒரு வாரம் நான் வாயே தொறக்கல."

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பறம்?"

"அப்பறம் இன்னா, கத்துகினேன். ஆனா எங்க வூட்டுக்குப் போனா இன்னிக்கும் கெயக்குதான்."

சாக்கட்டியை வாங்கி, 'தம்பி மண்ணு துன்னுட்டான்' என்று இருந்ததற்குக் கீழே, 'தம்பி மண்ணைத் தின்றுவிட்டான்' என்று எழுதினார். மகளிடம் படிக்கச் சொன்னார். அவள் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் பார்த்தாள். எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். படித்துவிட்டு, "தம்பி ரெண்டுலயும் ஒண்ணுதான்" என்றாள்.

"ஆமா. மேல கீறது நாம பேசறது. கீய கீறது எழுதறது. ரெண்டும் உனுக்குத் தெரிஞ்சா யாரு சிரிப்பாங்கோ?"

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "இத்தனை பிள்ளைகளில் இவள்தான் பார்க்காத சொல்லையும் கூட்டிப் படிக்கிறாள். கதவை அழித்துவிடாதீர்கள்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். சனிக்கிழமைதோறும் பள்ளி அலமாரியிலிருந்து ஒரு கதைப்புத்தகம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் டீச்சர். முதலில் வந்தது, சந்தையில் தொலைந்துபோன ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. ஒரே மூச்சில் படிக்க அவளுக்கு வராது. தினம் ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். தம்பி அவள் காலடியில் உட்கார்ந்து கேட்பான். வேலைக்குப் போகும் முன் என் வீட்டுக்காரரும் கேட்பார். கேட்டதை ஹார்பரில் சாப்பாட்டு வேளையில் கூட இருப்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் வந்ததும் வராததுமாக, "இன்னிக்கி படிச்சியா?" என்று கேட்டார். "ஆட்டுக்குட்டி இன்னா ஆச்சின்னு கேட்டு உசுர எடுக்கறானுங்கோ. பொண்ணு படிச்சாதான் எனுக்கே தெரியும்னு சொல்லிட்டு வந்துகீறேன்."

"யாரு கேக்கறாங்கோ?"

"எங்க கேங்கு பூரா."

அன்று அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். தடுமாறின இடத்தில் தானே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டாள்.

பெரிய படிப்பாளியாக அவள் ஆகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நர்ஸ் வேலைக்குப் போனாள். எந்நேரமும் புத்தகமும் கையுமாக அலைகிறவனாக ஆனது, காலடியில் உட்கார்ந்து கேட்ட தம்பிதான். அதில் அவளுக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஆட்டுக்குட்டி வீடு வந்து சேர்ந்ததை அவர் ஹார்பரில் சொன்ன அன்று, கேங்கு மேஸ்திரி ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருந்தார், கதை படிக்கிற பாப்பாவுக்கு என்று. அவள் பிரித்துத் தம்பிக்குப் பாதி கொடுத்தாள். மென்றுகொண்டே தன் நைனாவிடம் சொன்னாள்:

"அடுத்த கத கொஞ்சம் பெர்சு. நாளு ஆவும்னு அவங்கோ கிட்ட சொல்லிடு."