தோம்பின் கழுத்தில் ஒரு கோடு

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டி கிடக்கிறது. அடியில் கொஞ்சம் சாயம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பெயிண்ட்பால் மைதானத்தில் காற்று நிரப்பும் ஐம்பது வயது ஆளுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்புவேன். மழுப்புவதில் நான் கெட்டிக்காரன்.

இந்த மேசை முன்பு கேஸ் அக்காவுடையது. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் தெப்ராவில் எங்கள் மைதானத்தில் எல்லோருக்கும் அவர் கேஸ் அக்கா. பாசிர் கூடாங்கில் ஒரு கேஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சாயக் குண்டு சுடும் துப்பாக்கிக்கு ஒரு சிறு தோம்பிலிருந்து, அதாவது காற்று அடைத்த சிலிண்டரிலிருந்து, காற்று போகிறது. தோம்புக்குள் அழுத்தம் மூவாயிரம் பி.எஸ்.ஐ. அதன் கழுத்தில் திருகியிருக்கும் ரெகுலேட்டர் அதை எண்ணூறாகக் குறைத்துத்தான் வெளியே விடும். "வெளிய எண்ணூறுதாண்ணே தெரியும். உள்ள கெடக்குற மூவாயிரத்த நாமதான் மறக்கக் கூடாது" என்பார். அவசரமாக நிரப்பினால் தோம்பு சூடாகி அழுத்தமானியின் முள் பொய் சொல்லும் என்று, வரிசை எவ்வளவு நீண்டாலும் மெதுவாகத்தான் நிரப்புவார். வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அப்போது அவருக்கு உதவியாக இருந்த நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு தோம்பிலும், உடலிலிருந்து ரெகுலேட்டர் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்திருப்பார். ஆட்டம் முடிந்து கழற்றும்போது சில சமயம் ரெகுலேட்டர் துப்பாக்கியிலேயே சிக்கிக்கொள்ள, தோம்பு மட்டும் சுழன்று மரை தளரும். அப்போது கோடு விலகித் தெரியும். விலகியதை ஒதுக்கிவிடுவார். முதலாளியே வந்து கேட்டாலும் நிரப்ப மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். தோம்புகள் போதவில்லை. காலை ஆட்டத்தில் கோடு விலகிய ஒன்றை அக்கா தனியாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். மேலாளர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒரு கோடுதானேய்யா. அழிச்சிட்டு நேரா ஒண்ணு போடு லா." அக்காவுக்குச் சந்தேகம் வராதபடி, ஒதுக்கிய இடத்தில் உதவாத பழைய தோம்பு ஒன்றை அவரே வைத்தார். தின்னரால் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழகாகவே போட்டேன்.

அக்கா திரும்பி வந்தார், கோடு நேராக இருப்பதைப் பார்த்தார், நிரப்பினார். தன் கோட்டை அவர் நம்பினார். ஆட்டம் முடிந்து அவருக்கு எதிரே நின்ற ஒருவர் தோம்பைத் திருக, அது ரெகுலேட்டரை விட்டுப் பிய்த்துக்கொண்டு பறந்து, வாங்க நீட்டிய அக்காவின் வலது மணிக்கட்டை நொறுக்கியது. நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். வலியில் முனகிக்கொண்டிருந்தவர் என் கட்டைவிரலைப் பார்த்தார். நக ஓரத்தில் சிவப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

விசாரணையில் முதலாளி கேட்டது ஒரே கேள்வி: கோடு போட்டது யார்? "எப்பவும் அக்காதாங்க போடுவாங்க" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய் அதுதான். அக்கா எதிரேதான் உட்கார்ந்திருந்தார். என் விரலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. கவனக்குறைவு என்று கடிதம் எழுதி அவரை அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு எந்தத் தொழிற்சாலையும் அவரைச் சேர்க்கவில்லை. எனக்கு இந்த மேசை கிடைத்தது.

சாமான்களை எடுக்க மாவுக்கட்டோடு வந்தவர், புட்டியை மட்டும் என் பக்கம் தள்ளினார். "இத நீங்களே வச்சுக்குங்கண்ணே. உங்களுக்குத்தான் கை நல்லா வருதே."

போன மாதம் குளுவாங் சந்தையில் அவரைப் பார்த்தேன். கீரை விற்க உட்கார்ந்து, இடது கையால் கட்டுகளை வாங்க வந்தவரின் பையில் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்ப்பதற்குள் மீன் கடைப் பக்கம் திரும்பிவிட்டேன். அந்தக் கடிதத்தைத் திருத்த நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மேலாளரும் இருக்கிறார், முதலாளியும் இருக்கிறார், எனக்கும் வாய் இருக்கிறது.

இன்று காலை எல்லாத் தோம்புகளுக்கும் கோடு பார்த்தேன். ஒன்று விலகியிருந்தது, ஒதுக்கினேன். இப்போதெல்லாம் நான் மிகவும் கவனமான ஆள். பிறகு உட்கார்ந்து இதை எழுதினேன். பாருங்கள், இதில்கூட அவர் பெயர் இல்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெயரை எழுதினால் பக்கத்திலேயே என் பெயரையும் எழுத வேண்டும். புட்டியை உள்ளே தள்ளி இழுப்பறையை மூடிவிட்டேன்.